பல மரம் கண்ட தச்சன்: துருக்கி எழுத்தாளர் ஜுல்ஃபு லிவானெலி

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது நம் முன்னோர் பழமொழி. பல துறைகளில் கால் வைத்தவன் எதிலும் ஆழம் காண மாட்டான் என்னும் எச்சரிக்கை அதில் அடங்கியுள்ளது. ஆனால் அதே முன்னோர்தாம் தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்து, மூன்றும் கூடியதே முத்தமிழ் என்றும் போற்றினர். ஒரு கலைஞன் ஒன்றிலேயே நிலைத்து நிற்றல் நன்றா, பலவற்றையும் தழுவி நிற்றல் நன்றா என்னும் வினாவுக்கு இவ்விரு கருத்துகளும் வேறுவேறு விடை தருகின்றன. இவ்வினாவை ஆராய்வதற்கு நம் காலத்து எழுத்தாளர் ஒருவரின் வாழ்வும் பணியும் நல்ல உரைகல்லாக அமைகின்றன. அவர் துருக்கி நாட்டின் ஜுல்ஃபு லிவானெலி.

துருக்கி இலக்கியம் என்றதும் கவிஞர் நாசிம் ஹிக்மத், நாவலாசிரியர் யாஷார் கெமால், 2006-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஒரான் பாமுக் ஆகியோரின் பெயர்களே நம்மவர் நினைவுக்கு வரும். பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்து பரவலாகப் படிக்கப்பட்ட நூல். லிவானெலியின் பெயர் நம்மிடையே அவ்வளவாக அறிமுகம் ஆகவில்லை. அவரது சொந்த நாட்டிலோ அவரை அறியாதவர் அரியர். பாடகர், இசையமைப்பாளர், சிறுகதையாளர், நாவலாசிரியர், திரைப்பட இயக்குநர், நாளிதழ்ப் பத்தியாளர், நாடாளுமன்ற உறுப்பினர் என அவர் தாங்கிய பொறுப்புகள் பல. இத்தனையும் ஒருவரின் சிதறலா, அன்றி ஒரே நோக்கத்தின் பல முகங்களா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படுவது.

வாழ்வும் நாடு நீங்கலும்

லிவானெலி 1946-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் கோன்யா மாகாணத்து இல்கின் என்னும் ஊரில் பிறந்தார். லிவானெ என்பது துருக்கியின் வடகிழக்கு மூலையில் உள்ள ஆர்ட்வின் பகுதியின் பழம்பெயர். மூதாதையர் விட்டுவந்த அந்த மண்ணின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. பெயரோடு ஊரையும் சுமந்து வேற்றூர்களில் வாழ்வது நமக்கும் புதிதன்று அல்லவா?

இளமையில் அவர் அங்காராவில் பதிப்பகம் ஒன்றை நடத்தினார். 1971 மார்ச்சில் துருக்கி இராணுவம் விடுத்த எச்சரிக்கை மடல் ஒன்றினால் அந்நாட்டு அரசு கவிழ்ந்தது. அதனைத் தொடர்ந்து இடதுசாரி எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் மாணவர்களும் கூட்டங்கூட்டமாகச் சிறைப்பட்டனர். லிவானெலியும் சிறை புகுந்தார். வெளிவந்தபின் நாட்டை விட்டு நீங்கி ஸ்வீடனில் தஞ்சம் புகுந்தார். ஸ்டாக்ஹோம், பாரிஸ், ஏதென்ஸ் ஆகிய நகரங்களில் வாழ்ந்து, 1984-இல் தாயகம் திரும்பினார். பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த இப்புலம்பெயர் வாழ்வுதான் அவருடைய கலையை உருவாக்கிற்று எனலாம். அவரது முதல் நூலான ‘அராஃபாத்தில் ஒரு குழந்தை’ என்னும் சிறுகதைத் தொகுதி அக்காலத்தில், 1978-இல், வெளிவந்தது. வேற்றுமொழி சூழ வாழ்ந்தபோதும் அவர் எழுதியது துருக்கியில், பாடியதும் துருக்கியில்.

இசை: தடுக்கப்பட்டவரின் குரல்

லிவானெலியை மக்கள் முதலில் அறிந்தது பாடகராகத்தான். துருக்கியின் நாட்டுப்புறங்களில் ‘சாஸ்’ எனப்படும் நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவியை மீட்டி ஊர் ஊராய்ப் பாடிச் செல்லும் ‘ஆஷிக்’ என்னும் பாடகர் மரபு உண்டு. யாழேந்திய நம் பாணரை நினைவூட்டும் மரபு அது. லிவானெலியின் கருவி இந்தச் சாஸ்தான். ஆயினும் அவர் பழம்பாடல்களை மட்டும் பாடி அமையவில்லை. நவீன கவிஞர்களின் சொற்களுக்கு அந்த நாட்டுப்புற இசையைப் பூட்டினார். இஃது எவ்வளவு துணிவான செயல் என்பதை அறிய, அவர் தேர்ந்த கவிஞர்கள் யாவர் என்பதைக் காண வேண்டும்.

நாசிம் ஹிக்மத் தம் கொள்கைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தவர். 1951-இல் அவரது குடியுரிமை பறிக்கப்பட்டது. 1963-இல் மாஸ்கோவில் மறைந்தார். பறித்த குடியுரிமையை அரசு மீண்டும் வழங்கியது 2009-இல்தான். கதையும் கவிதையும் எழுதிய சபாஹத்தின் அலி, 1948-இல் நாட்டின் எல்லையைக் கடக்க முயன்றபோது கொலையுண்டார். இவ்விருவர் கவிதைகளையும் லிவானெலி இசையமைத்துப் பாடினார். ‘நாசிம் பாடல்’ என்னும் இசைத்தட்டு 1978-இல் வெளிவந்தது. பனி மூடிய காட்டில் இரவில் நடக்கும் நாடிழந்த ஒருவனின் ஏக்கத்தைச் சொல்லும் நாசிமின் கவிதை, லிவானெலியின் மெட்டில் மக்கள் பாடலாயிற்று. சபாஹத்தின் அலியின் ‘லெய்லிம் லெய்’ கிராமியப் பாடலோ என எண்ணுமளவு பரவிற்று. நூலைத் தடுக்கலாம், கவிஞனை நாடு கடத்தலாம், மக்கள் வாயில் ஏறிவிட்ட பாட்டைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டத்தாலும் இயலாது.

இப்பாடல்களின் சிறப்பு யாது? மெட்டு சொல்லை மூடுவதில்லை. இசை தன் ஆற்றலைக் காட்டுவதற்காகக் கவிதையை நீட்டுவதுமில்லை, நெளிப்பதுமில்லை. சொல்லப்பட்டது கொஞ்சம், சொல்லாமல் விடப்பட்டது மிகுதி; அந்த இடைவெளியில் கேட்பவரின் துயரம் புகுந்துகொள்கிறது. இச்சொற்செறிவை நாம் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் அவருடைய நாவல்களை எடைபோடும்போது இதுவே நமக்குத் துலாக்கோலாகும்.

1974-இல் சைப்ரஸ் தீவில் மூண்ட போருக்குப் பின் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே பகை முற்றியிருந்தது. அந்நிலையில், 1980-களில், கிரேக்க இசைமேதை மிக்கிஸ் தியோடோராகிஸும் லிவானெலியும் கைகோத்துப் பொது மேடைகளில் பாடினர். இரு நாட்டு நட்புறவுக்கென ஒரு குழுவையும் அமைத்தனர். கிரேக்கப் பாடகி மரியா ஃபரந்தூரி லிவானெலியின் பாடல்களைப் பாடினார். அரசுகள் பேச மறுத்த காலத்தில் பாடல்கள் தூது சென்றன.

திரை

நாடகத் தமிழின் இடத்தை நம் காலத்தில் திரைப்படம் பிடித்துக்கொண்டது. அத்துறையிலும் லிவானெலியின் பங்கு உண்டு. யில்மாஸ் கியூனெ சிறையிலிருந்தபடியே எழுதி, ஷெரிஃப் கோரென் இயக்கிய ‘யோல்’ (பாதை) என்னும் படம் 1982-இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதைப் பகிர்ந்துகொண்டது. அப்படத்தின் இசை லிவானெலியுடையது. ஆனால் செபாஸ்தியன் அர்கோல் என்னும் புனைபெயரில் அது வெளிவந்தது. துருக்கியில் அப்படம் 1999 வரை திரையிடப்பட முடியவில்லை.

பின்னர் அவரே இயக்குநராகி, யாஷார் கெமாலின் ‘இரும்பு நிலம், செப்பு வானம்’ என்னும் நாவலை 1987-இல் படமாக்கினார். ‘மூடுபனி’ 1988-இலும், கெமால் அத்தாதுர்க்கின் வாழ்வைச் சொல்லும் ‘வெதா’ (விடைபெறல்) 2010-இலும் வந்தன. இப்படங்களை இயக்கியதோடு நில்லாமல், காட்சியாகச் சிந்திக்கும் பழக்கத்தையும் அவர் திரையிலிருந்து நாவலுக்குக் கொண்டுவந்தார்.

‘இன்பம்’: கொல்ல அனுப்பப்பட்டவன்

நாவலாசிரியராக லிவானெலியின் பெயரை நிலைநாட்டியது 1996-இல் வெளிவந்த ‘விரியனின் கண்’. பதினேழாம் நூற்றாண்டு ஒட்டோமான் அரண்மனையில், அந்தப்புரக் காவலனான ஒரு கறுப்பின அலியின் வாய்மொழியாக அமைந்த அந்நாவல், அதிகாரம் மனிதனை என்ன செய்யும் என்பதை ஆராய்வது. அதற்கு 1997-இல் பால்கன் இலக்கியப் பரிசு கிடைத்தது. எனினும் உலக வாசகரிடம் அவரைக் கொண்டுசென்றது 2002-இல் வந்த ‘முத்லுலுக்’ என்னும் நாவலே. இன்பம் என்பது அச்சொல்லின் பொருள்.

கதை இது: கிழக்குத் துருக்கியில், வான் ஏரியை அடுத்த சிற்றூரில் வாழும் தாயற்ற பெண் மெரியெம். சமயத் தலைவனாக ஊரார் வணங்கும் சொந்தப் பெரியப்பனாலேயே அவள் கற்பழிக்கப்படுகிறாள். குற்றம் செய்தவன் மேடையில் இருக்க, கெடுக்கப்பட்டவள் கொட்டிலில் அடைக்கப்படுகிறாள். குடும்ப மானத்தைக் காக்க அவள் சாக வேண்டும் என்பது பெரியோர் முடிவு. தானே தூக்கிட்டுக்கொள்வாள் என எதிர்பார்க்கிறார்கள். அவள் அதைச் செய்யவில்லை. எனவே, தென்கிழக்கு மலைகளில் குர்திய கிளர்ச்சியாளருடன் போரிட்டுத் திரும்பிய அவள் பெரியப்பன் மகன் ஜெமால், அவளை இஸ்தான்புலுக்கு அழைத்துச் சென்று கொன்றுவரப் பணிக்கப்படுகிறான். நெடிய இரயில் பயணம். மாநகரை அடைந்து, உயர்ந்த பாலமொன்றின் விளிம்பில் அவளை நிறுத்தியும், அவனால் அதனைச் செய்ய முடியவில்லை. கொல்ல முடியாதவனும் சாகாதவளும் ஊர் திரும்ப வழியற்று ஈஜியன் கடற்கரைக்கு வருகிறார்கள். அங்கே, புகழும் செல்வமும் சலித்துப் படகேறி ஓடிவந்த பேராசிரியர் இர்ஃபானைச் சந்திக்கிறார்கள். துருக்கியின் மூன்று முகங்கள் ஒரு சிறு படகில் கூடுகின்றன.

நம் தமிழகத்திலும் ஆணவக் கொலை என்னும் கொடுமை நிகழ்வதை நாம் அறிவோம். ஆகையால் இக்கதையை ஏதோ தூர தேசத்துச் செய்தி என ஒதுக்கிவிட இயலாது. லிவானெலியின் தனித்திறன், கொல்ல வந்தவனையும் வெறும் கொடியவனாகக் காட்டாததில் உள்ளது. போர்முனையில் ஜெமாலின் எதிரணியில் நின்றவர்களுள் அவனோடு ஒன்றாக வளர்ந்த நண்பன் மெமோவும் ஒருவன். சுடு என்ற கட்டளைக்கு அஞ்சாமல் பணிந்தவனால், தள்ளு என்ற கட்டளைக்குப் பணிய முடியவில்லை. அந்த ஒரு கணத்தில் ஆசிரியர் விளக்கவுரை எதுவும் தரவில்லை. நாவலின் உச்சம் அதுவே.

மெரியெமின் பாத்திரமும் அவ்வாறே. அவள் விழிப்பு ஒரே நாளில் வருவதில்லை. இரயிலில் காணும் முகம், கடலின் முதல் காட்சி, பிறர் தன்னை அருவருப்பின்றி நோக்கும் பார்வை என அணு அணுவாக அவள் மனிதப் பிறவியாகிறாள். காப்பாற்றிய இளைஞனோ, கற்ற பேராசிரியரோ அவளுக்கு வாழ்வை வழங்குவதில்லை. அவளே அதை எடுத்துக்கொள்கிறாள்.

குறை எங்கே? பேராசிரியர் இர்ஃபானிடத்தில். அவர் வாய் திறந்தாலும், மனத்துள் சிந்தித்தாலும் நமக்குக் கேட்பது நாளிதழ்ப் பத்தியாளர் லிவானெலியின் குரல். கிழக்கா மேற்கா, சமயமா சமயச்சார்பின்மையா என நாட்டின் நிலையை அவர் நீள நீள விளக்குகிறார். மெரியெமின் ஒரு மௌனம் சொல்லிவிட்டதை அவருடைய பத்துப் பக்கங்கள் மீண்டும் சொல்கின்றன. பாட்டில் இருந்த அடக்கம் இங்கே தவறிப் போகிறது. இந்நாவல் 2007-இல் அப்துல்லா ஓயுஸ் இயக்கத்தில் படமானபோது, இசையை லிவானெலியே அமைத்தார்.

‘செரெநாத்’: கோப்புகளில் மூழ்கிய கப்பல்

2011-இல் வந்த ‘செரெநாத்’ அவருடைய நாவல்களுள் பெரிதும் படிக்கப்பட்டவற்றில் ஒன்று. காதலிக்காக இசைக்கும் மாலைப்பண் என்பது அப்பெயரின் பொருள். இதன் அடித்தளமாக அமைந்தது வரலாற்றில் நிகழ்ந்த ஒரு பேரவலம்.

1941 டிசம்பரில், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிய ருமேனிய நாட்டு யூதர் 750-க்கும் மேற்பட்டோர் ‘ஸ்ட்ரூமா’ என்னும் பழுதுற்ற கப்பலில் பாலஸ்தீனம் நோக்கிப் புறப்பட்டனர். எந்திரம் கெட்டுக் கப்பல் இஸ்தான்புல்லில் நின்றது. பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு நுழைவு அனுமதி தர மறுத்தது. துருக்கி அரசு, மிகச் சிலரைத் தவிர, எவரையும் கரையிறங்க விடவில்லை. நகரம் கண்ணெதிரே விளங்க, ஏறத்தாழ பத்து வாரங்கள் அம்மக்கள் கப்பலிலேயே கிடந்தனர். 1942 பிப்ரவரி 23-இல், ஓடாத அக்கப்பல் கருங்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் கைவிடப்பட்டது. மறுநாள் சோவியத் நீர்மூழ்கி ஒன்றின் தாக்குதலால் அது மூழ்கியது. உயிர் பிழைத்தவர் ஒருவரே.

நாவலில், இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் பணியாளரான மாயா என்னும் பெண், 2001-இல் அமெரிக்காவிலிருந்து வரும் முதிய பேராசிரியர் மாக்ஸிமிலியன் வாக்னரை வரவேற்கிறாள். ஜெர்மனியில் பிறந்த அவர், நாஜிகளுக்கு அஞ்சி 1930-களில் துருக்கிப் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்ற அறிஞர்களுள் ஒருவராகப் படைக்கப்பட்டிருக்கிறார். இந்தப் பின்னணியும் வரலாறே. ‘மிமெஸிஸ்’ என்னும் புகழ்பெற்ற திறனாய்வு நூலை எரிக் அவர்பாக் எழுதியது அந்த இஸ்தான்புல் வாழ்வில்தான். உறைபனிக் காலத்தில் கருங்கடற்கரையில், ஷிலெ என்னுமிடத்தில், தள்ளாத வயதில் நின்று கடலை நோக்கி வயலின் வாசிக்கிறார் வாக்னர். அவர் யூத மனைவி நாடியா அக்கப்பலில் இருந்தவள் என்பது பின்னர்த் தெரிகிறது. அவருடைய வரலாற்றைத் தேடப் புகுந்த மாயா, தன் வீட்டின் மறைந்த வரலாற்றையும் கண்டறிகிறாள். அவள் பாட்டியருள் ஒருத்தி ஆர்மேனியர். மற்றொருத்தி கிரிமியத் தாத்தாரியர். இருவரும் தம் பெயரையும் பிறப்பையும் மறைத்தே வாழ்ந்து மறைந்தவர்கள்.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு நாளைக் கழிப்பவன் என்ற முறையில், இந்நாவலின் ஒரு கூறு என்னைப் பெரிதும் உலுக்கியது. ஸ்ட்ரூமாவில் இருந்தவர்களைக் கொல்ல வேண்டும் என்று துருக்கியோ பிரிட்டனோ எழுதவில்லை. ‘எமது அதிகார வரம்பில் இல்லை’, ‘முன்னுதாரணம் ஆகிவிடும்’ என்ற வகையிலான குறிப்புகளே போதுமானவையாக இருந்தன. ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குப் பொறுப்பு நகர்ந்துகொண்டே இருந்தது. கப்பல் மட்டும் நகரவில்லை. இதை வரலாற்று நூல்களும் சொல்லும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் நாளும் கண்டும் காணாதது போலக் கடந்த அக்கப்பலுக்குள் நாடியா என்னும் ஒரு பெயரை வைத்ததனால், எண்ணிக்கை மறைந்து மனிதர் தெரிகின்றனர். இது நாவலாசிரியனால் மட்டுமே ஆகக்கூடிய பணி.

கலையழகை நோக்கினால் ‘செரெநாத்’ குறையற்ற படைப்பன்று. யூதர், ஆர்மேனியர், கிரிமியர் என மூன்று பேரவலங்களும் ஒரே பெண்ணின் வாழ்வில் வந்து கூடுவது நம்பத்தக்க அளவை மீறுகிறது. உளவுத்துறையினரின் தொடர்தல் துப்பறியும் கதையின் சாயலைத் தருகிறது. ஆசிரியர் அறிந்ததையெல்லாம் வாசகருக்கு அறிவிக்கத் துடிக்கிறார். ஆயினும் ஷிலெ கடற்கரைக் காட்சி ஒன்று அனைத்தையும் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது. அங்கே இசையமைப்பாளரும் நாவலாசிரியரும் ஒருவரே. கிழவர் வாசிக்கிறார், கடல் இரைகிறது, காரணம் சொல்லப்படவில்லை. காரணம் தெரிந்த பின்னும் அக்காட்சியின் வலிமை குன்றவில்லை.

பிற்கால நாவல்களும் பொதுவாழ்வும்

இக்குறையை அவரும் உணர்ந்திருப்பார் போலும் என எண்ணவைக்கிறது 2017-இல் வந்த ‘ஹுசூர்சுஸ்லுக்’ (அமைதியின்மை). 2014-இல் ஐ.எஸ். அமைப்பினர் ஈராக்கில் யசீதி மக்கள்மீது நிகழ்த்திய வெறியாட்டத்திலிருந்து தப்பிவந்த மெலெக்நாஸ் என்னும் பெண்ணை மையமாகக் கொண்ட சிறிய நாவல் இது. அவளை நேசித்ததற்காக உயிரிழந்த தன் இளமைத் தோழனின் கதையைத் தேடி, இப்ராஹிம் என்னும் பத்திரிகையாளன் தன் பிறந்த ஊரான மார்தினுக்குப் போகிறான். மெலெக்நாஸைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். அவள் பேசுவது மிகக் குறைவு. அவளது மௌனமே நூலின் ஆணிவேர். முள்ளைத் தின்று தன் வாயின் குருதியையே சுவையென மயங்கும் ஒட்டகத்தின் உவமை, மத்தியக் கிழக்கின் தீராப் பகைமைக்குப் பொருத்தமாக இந்நாவலில் எடுத்தாளப்படுகிறது. அளவிற் சிறிய இப்படைப்பில் பாடகரின் சொற்செட்டு திரும்பி வந்துள்ளது. 2022-இல் வந்த ‘புலியின் முதுகில்’, 1909-இல் அரியணை இழந்து சலோனிக்காவில் காவலில் வைக்கப்பட்ட சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைப் பற்றியது. பிறரை வாய் மூடச் செய்தவனே வாய் மூடிக்கிடக்க நேர்ந்த கதை அது.

பொதுவாழ்விலும் இதே இழை ஓடுகிறது. 1994-இல் இஸ்தான்புல் மேயர் பதவிக்குப் போட்டியிட்டார். அத்தேர்தலில் வென்றவர் ரெஜெப் தையிப் எர்தோவான். 2002-இல் நாடாளுமன்றம் சென்றார். பின்னர்த் தம் கட்சியை விட்டு விலகினார். 1996 முதல் யுனெஸ்கோவின் நல்லெண்ணத் தூதராக விளங்கினார். தென்கிழக்கே, தியார்பக்கிர் நகரின் பழம்பகுதியான சூர், மோதல்களில் சிதைந்தபோது அவ்வமைப்பு வாளாவிருந்தது. மனித உரிமை மீறல்கள் குறித்த அந்த மௌனத்தைக் கண்டித்து, 2016-இல் அப்பொறுப்பைத் துறந்தார். பட்டத்தைக் காத்துக்கொண்டு வாய் மூடியிருக்க அவர் இசையவில்லை.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். லிவானெலி பல மரம் கண்ட தச்சரே. ஆனால் அவர் எல்லா மரங்களிலும் செதுக்கியது ஒரே உருவத்தை. தடுக்கப்பட்ட கவிஞனைப் பாட்டில் பேசவைத்தார். கொட்டிலில் அடைபட்ட பெண்ணை நாவலில் நடக்கவைத்தார். கடலடியில் கிடந்த கப்பலை நினைவின் மேற்பரப்புக்குக் கொணர்ந்தார். குடும்ப மானம், நாட்டு நலன், ஊர் அமைதி என்னும் அழகிய பெயர்களால் சுமத்தப்படும் மௌனத்தை உடைப்பதே அவர் வாழ்நாட் பணி. எனவே அவரது பன்முகத்தன்மையைச் சிதறல் என்பது பொருந்தாது.

அதே வேளையில், பன்முகத்தன்மை என்பதே ஒரு தகுதி ஆகிவிடாது என்பதையும் அவருடைய நூல்களே காட்டுகின்றன. பத்தியாளர் நாவலுக்குள் நுழைந்தபோதெல்லாம் நாவல் தளர்ந்தது. பாடகர் நுழைந்தபோதெல்லாம் அது நிமிர்ந்தது. ஒரு கலை மற்றொன்றுக்கு அடக்கத்தைக் கற்பிக்கும்போதே இரண்டும் வளம் பெறும். முத்தமிழ் என்று நம்மவர் மூன்றையும் ஒன்றாக வைத்ததன் உட்பொருளும் இதுவாகவே இருக்கக்கூடும்.

லிவானெலியின் முதன்மையான நாவல்கள் சில ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. இம்மலரைப் படிக்கும் அன்பர்கள், குறிப்பாக ஆங்கிலக் கல்வி பெற்று வளரும் நம் பிள்ளைகள், ‘இன்ப’த்திலிருந்து தொடங்கலாம். படித்தபின், தம் வீட்டில் எவர் பெயர் பேசப்படாமல் இருக்கிறது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாயின், அந்தத் துருக்கியர் எழுதியதன் பயன் நம்மையும் வந்து சேர்ந்ததாகும்.